கேளுங்க அக்கா: யூனிவர்சிட்டி இணைப்பு இல்லாத ஆர்ட் காலேஜ்ல சேரலாமா?

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததுல இருந்து ஓவியப் படிப்பு பத்தியே கேட்டு எழுதுறீங்க, அதனால இந்தத் தடவ மத்த கேள்விய எல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளி வச்சுட்டு இத மட்டும் எடுத்துக்கிறேன்.

அக்கா வணக்கம். எனக்கு உசிலம்பட்டி பக்கம் ஒரு கிராமம். கவர்மெண்ட் ஸ்கூல்லதான் ஆறாவதுல இருந்து பன்னண்டாவது வரைக்கும் படிச்சேன். அப்பா ஷேர் ஆட்டோ ஓட்டுறாங்க. சின்னதுல இருந்தே படம் வரைவேன், அதத்தான் படிக்கணும்னு ஆசை. சென்னைல ஒரு டிரஸ்ட் தனியா நடத்துற ஆர்ட் காலேஜ்ல எடம் கெடச்சிருக்கு. நாலு வருசம், ஆனா எந்த யூனிவர்சிட்டியோடயும் இணைப்பு இல்ல, அவங்களே டிப்ளமோ குடுப்பாங்களாம். வருசத்துக்கு ஒரு லட்சத்துக்கு மேல ஆகும். மாமா "அது காலேஜே இல்ல, காசப் புடுங்கப் பாக்குறாங்க"ன்னு சொல்றாங்க. அப்பா ஒண்ணும் பேச மாட்டேங்குறாங்க. சேரலாமா அக்கா?
வாசகி, உசிலம்பட்டி

தங்கச்சி, உன் கடிதத்த ரெண்டு தடவ படிச்சேன். மாமா சொல்றதுல பாதி சரி, பாதி தப்பு. ரெண்டையும் சொல்றேன், அப்பாவ பக்கத்துல உக்கார வச்சுக்கிட்டே படி.

மொதல்ல பேப்பர் விசயம். நம்ம நாட்டுல டிகிரின்னு ஒண்ண குடுக்குற அதிகாரம் பல்கலைக்கழகத்துக்கும், பார்லிமெண்ட் சட்டம் போட்டு அதிகாரம் குடுத்த நிறுவனங்களுக்கும்தான் இருக்கு, 1956 யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) சட்டம் அதத் தெளிவாவே சொல்லுது. இணைப்பு இல்லாத காலேஜ் எவ்வளவு நல்லா சொல்லிக் குடுத்தாலும் அவங்க குடுக்குறது அவங்க சொந்த டிப்ளமோதான், பிஎஃப்ஏங்கிற கவின்கலை டிகிரி ஆகாது. பின்னாடி அதுக்கு மேல எம்எஃப்ஏ சேரணும், நெட் எழுதி லெக்சரர் ஆகணும், டிகிரி கேக்குற கவர்மெண்ட் வேலைக்கு அப்ளிகேசன் போடணும்னு நெனச்சா அந்த டிப்ளமோ கேட்டுக்கு வெளியவே நின்னுரும். பேங்க் லோனும் அப்படித்தான். 4 லட்சம் வரைக்கும் அடமானம் இல்லாம கல்விக் கடன் தருவாங்கன்னு உனக்குத் தெரிஞ்சிருக்கும், ஆனா மேனேஜர் மொதல்ல கேக்குறது அங்கீகாரம் இருக்கான்னுதான். நீ கவர்மெண்ட் ஸ்கூல்ல படிச்ச பொண்ணு, புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1000 ரூபா உனக்கு வரவேண்டியது, அதுவும் அங்கீகாரம் உள்ள எடத்துல சேந்தாத்தான்.

அதனால என் மொதக் கேள்வி, நீ எழும்பூர் கவர்மெண்ட் கவின்கலைக் கல்லூரிக்கும் கும்பகோணம் கவர்மெண்ட் கவின்கலைக் கல்லூரிக்கும் அப்ளிகேசன் போட்டியா? கடிதத்துல அதப்பத்தி ஒரு வரிகூட இல்ல. ரெண்டும் ஜெயலலிதா இசை மற்றும் கவின்கலைப் பல்கலைக்கழகத்துக்குக் கீழ வருது, நாலு வருச பிஎஃப்ஏ, ஃபீஸ் நீ சொல்ற தொகையோட ஒப்பிட்டா ரொம்ப ரொம்பக் கம்மி. பெயிண்டிங், சிற்பம், விஷுவல் கம்யூனிகேசன் டிசைன் ரெண்டு எடத்துலயும் இருக்கு, எழும்பூர்ல இதோட பிரிண்ட்மேக்கிங் (தகட்டுலயோ கட்டையிலயோ செதுக்கி மை தடவி அச்சு எடுக்குறது), டெக்ஸ்டைல், செராமிக்கும் இருக்கு. வரையச் சொல்லி டெஸ்ட் வச்சுத்தான் எடுப்பாங்க, மார்க் மட்டும் பாத்து இல்ல. பாண்டியன் எக்ஸ்பிரஸ்ல ஏறினா காலைல எழும்பூர்ல எறங்கி காலேஜுக்கு நடந்தே போயிரலாம், பக்கத்துலயே மியூசியம், அங்க இருக்குற சோழர் காலத்து வெண்கலச் செலைகளப் பாத்துக்கிட்டே நாலு வருசம் படிக்கலாம். மொதல்ல அதுக்கு முட்டி மோதிப் பாரு. இந்த வருசம் கெடைக்கலைன்னா ஒரு வருசம் வீட்ல இருந்து தினமும் வரைஞ்சு அடுத்த வருசம் எழுதுறதுலயும் ஒரு கொறச்சலும் இல்ல, அந்த ஒரு வருசம் லட்ச ரூபாய விட மலிவு.

இப்ப மாமா சொன்னதுல தப்பான பாதி. இணைப்பு இல்லைன்னா அது காலேஜே இல்லைன்னு சொல்லிற முடியாது. அந்த எழும்பூர் காலேஜே 1850ல அலெக்சாண்டர் ஹண்டர்னு ஒரு டாக்டர் தனியா ஆரம்பிச்ச பள்ளிக்கூடம்தான், 1852லதான் கவர்மெண்ட் எடுத்துக்கிச்சு. பெங்களூர்ல ஓவியர் ஆர்.எம். ஹடபத் நடத்துன கென் ஸ்கூல்ங்கிற ஓவியப் பள்ளியும் பெரிய கட்டடம், பெரிய பணம்னு வளந்தது இல்ல, ஒரு மனுசனோட பிடிவாதத்துல நின்னது, அங்க இருந்து எத்தனையோ ஓவியருங்க வந்திருக்காங்க. நான் படிச்சதும் இப்படி ஒரு சின்ன எடத்துலதான். எங்க சித்தப்பா திருமங்கலத்துல போர்டு எழுதுறவர், கடை போர்டு, லாரி, கட்சி செவரு எல்லாம் அவர் கைதான், சின்னப் படத்துமேல கட்டம் போட்டு பெரிய செவத்துக்கு ஏத்துறத எனக்கு ஏழு வயசுலயே சொல்லிக் குடுத்துட்டாரு. ஃபிளெக்ஸ் வந்து அவர் தொழில் படுத்தப்ப வீட்ல மிச்சம் இருந்த காசப் போட்டு என்னைய சென்னைல ஒரு தனியார் ஆர்ட் காலேஜ்ல சேத்துவிட்டாரு. ஒரு பழைய வீடு, மாடில ஸ்டூடியோ, மொத்தம் முப்பது பேருகூட இருக்க மாட்டோம். காலைல ஒம்பது மணிக்கு டாங்கி ஸ்டூல்ல (ரெண்டு பக்கமும் கால் போட்டு உக்காந்து, முன்னாடி போர்ட சாச்சு வரையிற பெஞ்சு) உக்காந்தா வெளிச்சம் போறவரைக்கும் மாடல் வச்சு வரைவோம். எங்க வாத்தியார் பின்னாடி வந்து நிப்பாரு, ஒண்ணும் பேச மாட்டாரு, கடைசில "அந்தத் தோள் எங்க இருந்து தொங்குது பாரு"ன்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிருவாரு. அந்த ஒரு வார்த்தைல அன்னைக்குப் பூரா நான் பண்ணின தப்பு தெரிஞ்சிரும். முப்பது பேருக்குள்ள ஒரு வாத்தியார் தினமும் உன் கையப் பாக்குறாரு பாரு, அதுக்குத்தான் நீ குடுக்குற காசு. அது இல்லைன்னா அந்தக் காசுக்கு ஒரு அர்த்தமும் இல்ல.

அதனால சேர்றதுக்கு முன்னாடி நீயும் அப்பாவும் ஒரு நாள் நேர்ல போங்க. முன்கூட்டிச் சொல்லாம, சாதாரண வேலை நாள்ல, மத்தியானம் ரெண்டு மணிக்கு போங்க. ரிசப்சன்ல உக்கார வச்சு கலர் புத்தகம் குடுப்பாங்க, அத வாங்கி வச்சுக்கிட்டு ஸ்டூடியோவப் பாக்கணும்னு சொல்லு. தரையப் பாரு தங்கச்சி, பெயிண்ட் சிந்தி, கரித்தூள் படிஞ்சு, களிமண் காஞ்சு கெடந்தா அங்க வேலை நடக்குது. டைல்ஸ் பளபளன்னு இருந்தா வேற எடம் பாரு. மத்தியானம் ரெண்டு மணிக்கு எத்தன பேர் நின்னு வரைஞ்சுக்கிட்டு இருக்காங்கன்னு எண்ணு. பிரிண்ட்மேக்கிங் இருக்குன்னா பிரஸ்ஸ தொட்டுப் பாரு, மை காயாம இருக்கா, துரு புடிச்சிருக்கா. வாத்தியாருங்க சொந்தமா வரையிறாங்களா, கடைசியா எப்ப எக்சிபிசன் வச்சாங்கன்னு கேளு. மூணாவது வருசப் பசங்ககிட்ட தனியாப் பேசு, "காசு கட்டினதுக்கு அப்பறம் என்ன மாறிச்சு"ன்னு மட்டும் கேளு, மத்தத அவங்களே சொல்லிருவாங்க.

அப்பறம் ஒண்ணு, இத அழுத்திச் சொல்றேன். ஒரிஜினல் மார்க் சீட்டும் டிசியும் வாங்கி வச்சுக்குவோம்னு சொன்னா குடுக்காத. காலேஜுங்க ஒரிஜினல் சர்டிபிகேட்ட வாங்கி வச்சுக்கக் கூடாதுன்னு யுஜிசி 2018லயே சொல்லிருச்சு, ஆனா யுஜிசிக்கு வெளிய இருக்குற எடத்துல அத வச்சு நம்ம சண்ட போடுறது கஷ்டம். எங்க காலேஜ்ல என்கூட படிச்ச ஒரு பொண்ணு ரெண்டாவது வருசம் அப்பா தவறிப்போய் படிப்ப நிறுத்த வேண்டியதாப் போச்சு, மிச்ச ரெண்டு வருச ஃபீஸக் கட்டினாத்தான் மார்க் சீட்டுன்னு ஆறு மாசம் அலைய விட்டாங்க. அவ அம்மாவோட வந்து அந்த வாசல்ல நின்னது இன்னைக்கும் என் கண்ணுல இருக்கு. நல்லா சொல்லிக் குடுத்த எடந்தான், ஆனா அதுக்காக இத மறைக்க என்னால முடியாது. ஃபீஸ் மொத்தமா கட்டாத, செமஸ்டர் செமஸ்டரா கட்டு, நின்னா எவ்வளவு திருப்பித் தருவாங்கன்னு பேப்பர்ல எழுதி வாங்கு.

இதெல்லாம் பாத்த பெறகும் அந்த எடந்தான்னு மனசு சொன்னா போ. ஆனா கூடவே தபால்ல ஒரு டிகிரி படி, பிஏ தமிழோ வரலாறோ எதுவோ, யுஜிசி அனுமதிச்ச தொலைநிலைப் படிப்பா பாத்து. கைக்கு அந்த டிப்ளமோ, கவர்மெண்டுக்கு இந்த டிகிரி. நான் அத அப்ப செய்யாம விட்டுட்டு முப்பது வயசுக்கு மேல உக்காந்து படிச்சேன். அப்பா ஏன் பேசாம இருக்காங்கன்னா பணத்த நெனச்சுத்தான் இருக்கும், வேண்டாம்னு சொல்ல மனசு வரல. நீயே போய் பேசு.

செல்லூர்ல இருந்து எழுதுறேங்க. என் பையன் ஓவியம் படிக்கணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறான். சொந்தக்காரங்க எல்லாம் சோத்துக்கு என்ன பண்ணுவான்னு கேக்குறாங்க. டிராயிங் மாஸ்டர் வேலையாவது கெடைக்குமாங்க?
ஒரு அம்மா, செல்லூர், மதுரை

டிராயிங் மாஸ்டர் வேலைய மட்டும் நம்பி அனுப்பாதீங்கம்மா. 2012ல கவர்மெண்ட் ஸ்கூலுக்கு ஓவியம், விளையாட்டு, தையல், கம்ப்யூட்டருக்கெல்லாம் சேத்து 16,000 பேருக்கு மேல பகுதிநேர ஆசிரியரா எடுத்தாங்க, ஆரம்பச் சம்பளம் மாசம் 5000 ரூபா, பணி நிரந்தரம் கேட்டு அவங்க எத்தன வருசமா போராடிக்கிட்டு இருக்காங்கன்னு பேப்பர்ல பாத்திருப்பீங்க. அதுக்காக கவர்மெண்ட் நடத்துற டிராயிங் டெக்னிக்கல் எக்ஸாம வேண்டாம்னு சொல்லல, லோயரும் ஹையரும் எழுதி கையில வச்சுக்கிடட்டும்.

ஆனா சோறு வேற பக்கமும் இருக்கு. டெக்ஸ்டைல் டிசைன், அனிமேசன், கேம், சினிமால ஆர்ட் டிபார்ட்மெண்ட், புத்தகத்துக்குப் படம், ஸ்கூல் செவரு, வீட்ல பசங்களுக்கு கிளாஸ், இப்படி நாலஞ்சு வேலைய சேத்துக் கட்டித்தான் பெரும்பாலான ஓவியருங்க குடும்பம் ஓடுது. கே.சி.எஸ். பணிக்கர் எழும்பூர் காலேஜ் பிரின்சிபலா இருந்தவரு, அவரும் அவர் மாணவர்களும் இதே கேள்வியத்தான் அன்னைக்குக் கேட்டாங்க, படிச்சு முடிச்ச பய சோத்துக்கு என்ன பண்ணுவான்னு. பத்திக் துணி (மெழுகு பூசிச் சாயம் ஏத்துறது), கைவினைப் பொருள்னு செஞ்சு வித்து, அந்தக் காசச் சேத்துத்தான் ஈஞ்சம்பாக்கத்துல நெலம் வாங்கி 1966ல சோழமண்டலம் ஓவியர் கிராமத்த உண்டாக்கினாங்க. காலைல கைவேலை, மிச்ச நேரம் ஓவியம். உங்க செல்லூர்லயே தறிச் சத்தத்துக்கு நடுவுல வளந்த பையன் அவன், நூலும் சாயமும் அவனுக்குப் புதுசு இல்ல. டெக்ஸ்டைல் டிசைன் பக்கம் ஒரு தடவ பாக்கச் சொல்லுங்க, கட்டாயப்படுத்தாதீங்க.

மதுரைல பொறந்த டிராட்ஸ்கி மருது சென்னைல ஓவியம் படிச்சுட்டு பத்திரிகை, சினிமா, அனிமேசன்னு எல்லாத்துலயும் வேலை பாத்தவரு. கோவில்பட்டி கொண்டைய ராஜு டிராமா கம்பெனிக்கு சீன் வரைஞ்சு, அப்பறம் காலண்டர் சாமி படம் வரைஞ்சு, நம்ம பாட்டி வீட்டுப் பூஜை ரூம் வரைக்கும் வந்தவரு. சொந்தக்காரங்க கேட்டா இவங்க பேரச் சொல்லுங்கம்மா.

அக்கா, நாங்க விளாச்சேரி. தாத்தா காலத்துல இருந்து கொலு பொம்மை, சாமி செலை பண்றோம். நான் சிற்பம் படிக்கலாம்னு இருக்கேன். "நமக்குத் தெரியாததையா அங்க சொல்லித் தரப்போறாங்க"ன்னு அப்பா கேக்குறாரு. எனக்குப் பதில் சொல்லத் தெரியல.
வாசகர், விளாச்சேரி

தம்பி, இந்தக் கடிதம் வந்ததுல எனக்கு ரொம்ப சந்தோசம். அப்பா கேட்டது நியாயமான கேள்வி. களிமண்ண பெசைஞ்சு பதம் பாக்குறது, அச்சுல அமுக்கி ரெண்டு பாதியையும் ஒட்டி விரிசல் விடாம காய வைக்கிறது, சூளைல எந்தப் பக்கம் சூடு ஏறும்னு தெரிஞ்சு அடுக்குறது, இதெல்லாம் காலேஜ்ல சேர்ற மத்த பசங்களுக்கு வர்றதுக்கு ரெண்டு வருசம் ஆகும், நீ அதோடயே போற. அப்பாகிட்ட அத மொதல்ல ஒத்துக்கிட்டு அப்பறம் மிச்சத்தச் சொல்லு.

மிச்சம் என்னன்னா, அச்சுல இருக்குறது ஏற்கனவே ஒருத்தர் பாத்த உருவம். காலேஜ்ல உக்கார வைக்கிறது உயிரோட இருக்குற ஆளு முன்னாடி. எலும்பு எங்க இருக்கு, தசை எங்க இழுக்குதுன்னு படிச்சு, கம்பில எலும்புக்கூடு கட்டி அதுமேல களிமண்ண அப்பி, சுத்திச் சுத்தி வந்து பாத்துச் செய்யிறது வேற படிப்பு. மெரினால உழைப்பாளர் செலை இருக்குல்ல, தேவி பிரசாத் ராய் சௌத்ரி செஞ்சது, 1959ல வச்சது, நாலு பேரு பாறைய நெம்புறது. அவருதான் எழும்பூர் காலேஜோட மொத இந்திய பிரின்சிபல். அடுத்த தடவ சென்னை போனா அந்த முதுகுகள மட்டும் ஒரு மணி நேரம் பாரு, அப்பாவையும் கூட்டிட்டுப் போ. அவருக்கு நான் சொல்லாமலே புரியும்.

எங்க சேர்றதுன்னு பாத்தா ஒனக்கு மூணு வழி இருக்கு. சாஸ்திரப்படி அளவு, தாளமானம் (செலையோட உறுப்புகளுக்கு அளவு பிரிக்கிற கணக்கு), கல் வேலை வேணும்னா மாமல்லபுரம் கவர்மெண்ட் கட்டட சிற்பக் கலைக் கல்லூரி, 1957ல ஆரம்பிச்சது, கோயில் வேலைக்குப் போற ஸ்தபதிங்க நெறையப் பேரு அங்க படிச்சவங்க. மாடர்ன் சிற்பம்னா எழும்பூரோ கும்பகோணமோ. தனியார் எடத்துக்குப் போறதா இருந்தா ஒரே ஒரு காரணத்துக்குப் போ, அவங்ககிட்ட நல்ல சூளை இருக்கணும். நம்ம ஊரு சூளைல 800, 900 டிகிரி வந்தாலே பெருசு, பொம்மை செவப்பா வரும், தண்ணி உறிஞ்சும். ஸ்டோன்வேர்னு சொல்ற, தண்ணி உறிஞ்சாத கெட்டிப் பீங்கான் மாதிரி சாமானுக்கு 1200 டிகிரிக்கு மேல வேணும், அந்தச் சூட்டுல நம்ம கண்மாய் மண்ணு உருகி உக்காந்துரும், மண்ணையே வேற மாதிரி கலக்கணும், மேல பூசுற கண்ணாடி மெழுகும் வேற. அந்தக் கணக்கு விளாச்சேரிக்கு வந்துச்சுன்னா நவராத்திரிக்கு மட்டும் விக்கிற பொம்மை வருசம் பூரா விக்கிற பாத்திரமாவும் வெளக்காவும் செலையாவும் மாறும். கேஸ் சூளையா கரண்ட் சூளையா, மாசத்துக்கு எத்தன தடவ போடுறாங்க, மாணவங்களே அடுக்க விடுறாங்களான்னு கேளு. பூட்டி வச்சுட்டு வாத்தியார் மட்டும் தொடுற சூளைன்னா அங்க சேராத.

லீவுக்கு வர்றப்ப அப்பாவோட உக்காந்து பொம்மை பண்றத மட்டும் விட்றாத தம்பி.

அக்கா, நான் பெங்களூர்ல ஒரு தனியார் ஆர்ட் காலேஜ்ல மொத வருசம். மேலூர் பக்கம் ஊரு, தமிழ் மீடியம். எல்லாரும் இங்கிலீஸ்ல கான்செப்ட், கான்செப்ட்னு பேசுறாங்க. கிரிட்டிக் அன்னைக்கு (எல்லார் முன்னாடியும் படத்த வச்சு விமர்சனம் பண்ற நாள்) என் படத்த செவத்துல மாட்டிட்டு நான் வாயத் தொறக்கவே முடியல. நான் வரைஞ்சது நல்லா இருக்குன்னு சார் சொன்னாரு, ஆனா "ஏன் வரைஞ்ச"ன்னு கேட்டப்ப அழுகையே வந்துருச்சு. ஊருக்கே வந்துரலாம்னு இருக்கேன்.
வாசகர், மேலூர்

வராத தம்பி. இன்னும் ஒரு வருசம் இரு.

உன் நெலம எனக்கு நல்லாத் தெரியும். எங்க கிளாஸ்லயும் அப்படித்தான், நல்லா பேசுற பசங்க படத்துக்கு நெறைய நேரம் கெடைக்கும், எனக்கு நாக்கு ஒட்டிக்கும். ஒரு தடவ நான் சித்தப்பாவோட காலி பெயிண்ட் டப்பாக்கள வரைஞ்சு வச்சிருந்தேன், ஏன்னு கேட்டாங்க, தமிழ்லயே சொல்லட்டுமான்னு கேட்டேன், சொல்லுன்னாரு வாத்தியார். ஃபிளெக்ஸ் வந்ததுக்கு அப்பறம் அந்த டப்பா மூடியவே அவர் தொறக்கலன்னு சொன்னேன், அதுக்கு மேல பேச முடியல, கிளாஸே அமைதியா இருந்துச்சு. அன்னைல இருந்து யாரும் என்கிட்ட கான்செப்ட்டுன்னு கேட்டு மெரட்டல. அவங்க கேக்குற கேள்விக்கு உன்கிட்ட பதில் இல்லாம இல்ல, இங்கிலீஸ்ல இல்ல, அவ்வளவுதான். கிரிட்டிக்குக்கு முந்துன நாள் ராத்திரி தமிழ்ல அஞ்சு வரி எழுது, ஊர்ல அம்மாவுக்குச் சொல்ற மாதிரி. தமிழ் தெரிஞ்ச ஒரு சீனியர் பெங்களூர்ல கெடைக்காம இருக்க மாட்டாங்க, அவங்ககிட்ட குடுத்து இங்கிலீஸ் வார்த்த கேட்டுக்க. ரெண்டு செமஸ்டர் போனா நீயே பேசுவ.

இன்னொண்ணு, ஜனவரி மாசம் அங்க சித்ரகலா பரிஷத்ங்கிற கலை நிறுவனத்துப் பக்கம் குமாரகிருபா ரோட்டையே அடைச்சு சித்திர சந்தை போடுவாங்க, கட்டாயம் போ. நடைபாதைல படத்த சாத்தி வச்சு ஜனங்ககிட்ட நேரா விக்கிற ஓவியருங்ககிட்ட போய்ப் பேசு. இங்கிலீஸ் பேசுறவங்களும் இருப்பாங்க, பேசாதவங்களும் இருப்பாங்க, நீ பயப்படுற அளவுக்கு அது பெரிய சுவர் இல்லைன்னு தெரியும்.

லீவுக்கு ஊருக்கு வந்தா சும்மா படுத்துக் கெடக்காத. மீனாட்சி அம்மன் கோயில்ல போன் உள்ள விடமாட்டாங்க, அது உனக்கு நல்லது. உள்ள போய் ஒரே ஒரு தூணு முன்னாடி அரை மணி நேரம் நில்லு, அப்பறம் வெளிய சித்திரை வீதில உக்காந்து ஞாபகத்துல இருந்து அத வரை. மறுநாள் திரும்பப் போய் எது தப்புன்னு பாரு. பத்து நாள் இப்படிச் செஞ்சா கண்ணு எப்படி மாறுதுன்னு நீயே எழுதி அனுப்புவ. அழகர்கோயில் வசந்த மண்டபத்துல நாயக்கர் காலத்து ராமாயண ஓவியம் இருக்கு, உங்க மேலூர்ல இருந்து பக்கந்தான், கதைய எப்படி கட்டம் கட்டமா பிரிச்சிருக்காங்கன்னு பாரு. உங்க காலேஜ்ல கம்போசிசன்னு, படத்துல எத எங்க வைக்கணும்னு சொல்லிக் குடுக்குறது எல்லாம் அந்த மண்டபத்துல இருக்கு.

கீழக்குயில்குடி சமணர் மலைக்கும் வா. பேச்சிப்பள்ளத்துக்குப் படியேறிப் போனா பாறைல வரிசையா தீர்த்தங்கரர் சிற்பம், காலை வெயில் சாய்வா விழுறப்ப நிழல் நல்லா கெடைக்கும், ஒம்பது மணிக்கு மேல தட்டையாப் போயிரும். ஞாயித்துக்கெழம நாங்க நாலஞ்சு பேரு ஆறரை மணிக்கெல்லாம் கீழ தாமரைக் குளத்துக்கிட்ட, ஆலமரத்தடில இருப்போம். ஸ்கெட்ச் புக்கும் தண்ணி பாட்டிலும் எடுத்துட்டு வா.